அக்டோபரில் விழுந்த பனி

நேற்று இந்த சீசனின் முதல் பனிச்சறுக்குச் சுற்று போய்விட்டு வந்தேன். ஸ்கீயைச் சுமந்துகொண்டு போய் ஸ்கீயைச் சுமந்துகொண்டே திரும்பி வந்தேன் என்று சொன்னாலும் பெரிய பொய் ஆகாது. நடுவில் இருநூறு அடி இறக்கம் மட்டும் சறுக்கினோம், அதிலும் புல்லுக்குள் ஒளிந்திருந்த ஒரு கல் இடது ஸ்கீயின் அடியை விரல் நீளத்துக்குக் கிழித்துவிட்டது. நல்லவேளை, பழைய ஸ்கீ. கொலராடோவில் நவம்பருக்கென்றே எல்லோரும் ஒரு பழைய ஜோடியை வைத்திருப்பார்கள், அதற்குப் பெயரே 'ராக் ஸ்கீ'தான்.

இதை எழுதக் காரணம் அந்தக் கல் இல்லை. டென்வரில் எங்களுக்கு ஒரு சின்ன வாட்சாப் குழு உண்டு, மலைக்குப் போகிற ஏழெட்டுப் பேர். போன வருடம் ரிசார்ட்டில் பனிச்சறுக்கு கற்றுக்கொண்டு, இந்த வருடம் லிஃப்ட் இல்லாத மலைப்பக்கம் வர ஆசைப்படுகிற இரண்டு பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். அதில் ஒருவர் வியாழக்கிழமை ராத்திரி கேட்டார்: "இப்ப பனி கம்மியாத்தானே இருக்கு, சரிவெல்லாம் ஜனவரிக்கு மேலதானே?" மலைமேல் கிடக்கும் பனி மொத்தமாகப் பெயர்ந்து கீழே வருவதைத்தான் சரிவு என்கிறார். நான் பதில் டைப் செய்ய ஆரம்பித்தேன், அது நீண்டுகொண்டே போனது, சரி இங்கேயே எழுதிவிடலாம் என்று வந்துவிட்டேன்.

கேள்வியில் தப்பில்லை. மூன்று அடிப் பனியைவிட ஒரு அடிப் பனி ஆபத்து குறைந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். இந்த ஊர் மலையில் அது பெரும்பாலும் தலைகீழ்.

அக்டோபர் நடுவில் முதல் பனி விழும். எல்லாச் சரிவிலும்தான் விழும். அப்புறம் பத்து நாள் நல்ல வெயில் அடிக்கும். தெற்கு பார்த்த சரிவில் விழுந்ததெல்லாம் உருகி, காய்ந்த புல் மறுபடி தெரியும். வடக்கும் வடகிழக்கும் பார்த்த சரிவுகளில், அதிலும் 11,000 அடிக்கு மேலே, வெயில் எட்டிக்கூடப் பார்க்காது, அங்கே அந்தப் பனி அப்படியே கிடக்கும். நவம்பரில் அடுத்த பெரிய பனி வரும்போது தெற்குப் பக்கம் வெறும் தரைமேல் விழுகிறது, வடக்குப் பக்கம் மூன்று வாரப் பழசின் மேல் விழுகிறது. ஸ்கீ போடுகிற ஆள் எங்கே போவான்? கல் இடிக்காத அளவுக்கு எங்கே ஆழம் இருக்கிறதோ அங்கேதான். அது வடக்குச் சரிவு. ஒட்டு இல்லாமல் உதிர்ந்துபோன அடுக்கு அடியில் உட்கார்ந்திருப்பதும் அதே வடக்குச் சரிவுதான். மே மாதத்திலிருந்து காத்திருந்த ஆசை ஒருவனைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்துகிற இடமும் பனி சரியக் காத்திருக்கிற இடமும் ஒன்றே. வருடத்தில் வேறு எந்த மாதத்திலும் இரண்டும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதில்லை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், மீதியெல்லாம் விளக்கம்.

அந்தப் பழைய பனி ஏன் கெட்டுப்போகிறது என்பது கணக்கு. தரை கோடைச் சூட்டை வைத்திருக்கும், ஆகவே பனியின் அடிப்பாகம் பூஜ்யம் டிகிரியை ஒட்டி இருக்கும். மேலே மேகமில்லாத ராத்திரியில் பனியின் மேற்பரப்பு மைனஸ் 15 வரை இறங்கும். நடுவில் இருப்பது 30 சென்டிமீட்டர் பனி. ஆக, பத்து சென்டிமீட்டருக்கு ஐந்து டிகிரி வித்தியாசம். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு டிகிரி என்பதுதான் எல்லைக்கோடு, அதைத் தாண்டினால் அடியிலிருக்கும் நீராவி மேல்நோக்கிப் போக ஆரம்பித்து, குளிர்ந்த பனிமணிகள்மேல் படிந்து, அவற்றைக் கோணல்மாணலான முனைகளோடு வளர்த்துவிடும். இட்லிக் கொப்பரையில் ஆவி மேலே போய் மூடியில் முத்து முத்தாக நிற்குமே, கிட்டத்தட்ட அதுதான், இங்கே தண்ணீருக்குப் பதில் படிகம். மணிகள் பெரிதாகும், ஒன்றோடொன்று ஒட்டியிருந்த பிடிப்பு போய்விடும். இதே குளிர் இரண்டு மீட்டர் பனிமேல் அடித்தால் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு டிகிரிகூட வராது, பனி தன்பாட்டுக்கு இறுகும். மெல்லிய பனிதான் தன்னைத்தானே அரித்துக்கொள்கிறது.

கையில் எடுத்துப் பார்த்தால் சந்தேகமே வராது. புதுப் பனியை உருண்டை பிடிக்கலாம். இதைப் பிடித்தால் ரவை மாதிரி விரல் இடுக்கில் ஒழுகும், பிடிகொழுக்கட்டை ஜென்மத்துக்கும் பிடிக்க முடியாது. நாள்பட்டதாக இருந்தால் கல்லுப்பு பருமனுக்கு, உள்ளே குழிந்த கிண்ணம் கிண்ணமாகக்கூட இருக்கும். இங்குள்ளவர்கள் 'சுகர் ஸ்னோ' என்கிறார்கள், படித்தவர்கள் 'டெப்த் ஹோர்' என்கிறார்கள். தரையில் ஒரு மூட்டைச் சீனியைக் கொட்டிப் பரப்பி, அதன்மேல் ஒரு பலகையைப் போட்டு, மொத்தத்தையும் 38 டிகிரி சாய்த்து, பலகைமேல் ஏறி நில்லுங்கள். அவ்வளவுதான் விஷயம். நவம்பர்ப் புயல் போடுவது அந்தப் பலகையை. அதுவும் காற்று அடித்தால் வானம் கொட்டுவதைவிடப் பல மடங்கு வேகத்தில் முகட்டின் மறுபக்கத்துக்குப் பனியை வாரிக்கொண்டு போய்ப் போட்டு, பலகையை இன்னும் தடிமனாக்கிவிடும்.

ஒரு பக்கக் குறிப்பு. நம் மொழியில் மார்கழிக் காலையில் புல்லில் நிற்பதும் பனி, ஊட்டியில் உறைவதும் பனி, இமயத்தில் இருப்பதும் பனி. அதுகூடப் பரவாயில்லை. 'பனிச்சரிவு' என்றால் பனி மூடிய சாய்வான இடமா, அது பெயர்ந்து கீழே வருவதா? இரண்டுக்கும் அதே சொல்தான். "பனிச்சரிவில் சறுக்கினேன்" என்று எழுதினால் என் அம்மாவுக்கு நெஞ்சு அடைத்துவிடும். அவருக்குத் தெரிந்த பனிச்சரிவு 2016 பிப்ரவரியில் சியாச்சினில் வந்தது ஒன்றுதான், மெட்ராஸ் ரெஜிமென்ட் முகாமில் பத்து வீரர்கள் புதைந்தது, ஆறு நாள் கழித்து ஒருவரை உயிரோடு எடுத்து அவரும் பிழைக்காமல் போனது. அதில் நான்கு பேர் நம் ஊர்க்காரர்கள். அம்மா டிவி முன்னால் உட்கார்ந்து அழுததை நான் ஃபோனில் கேட்டேன். அதனால் நான் எங்கே போகிறேன் என்று வீட்டில் கேட்டால் "மலைக்கு" என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

சரி, நேற்றைக்கு வருகிறேன்.

பெர்தூட் பாஸ் என்ற கணவாய், 11,307 அடி. டென்வரிலிருந்து நெடுஞ்சாலை 40-இல் ஏறினால் விடிவதற்குள் போய்விடலாம். ஒரு காலத்தில் அங்கே ரிசார்ட் இருந்தது, 2001-இல் மூடிவிட்டார்கள், பிறகு லிஃப்டையும் பிரித்து எடுத்துவிட்டார்கள். இப்போது அவரவர் காலால் ஏறி அவரவர் பொறுப்பில் இறங்குவதுதான். ஸ்கீயின் அடியில் ஸ்கின் என்ற பட்டையை ஒட்டிக்கொண்டு நடக்க வேண்டும், முன்னால் வழுக்கும் பின்னால் வழுக்காது. என்னோடு வந்த அண்ணன் கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், இந்த மலையில் என்னைவிடப் பல குளிர்காலம் கூடுதலாகப் பார்த்தவர். அவர் பேச்சு எப்போதும் அதே நிதானத்தில்தான் இருக்கும், மைனஸ் பத்திலும்.

கார் நிறுத்துமிடத்தில் முதல் அவமானம். பீக்கனை ஆன் செய்தேன், உயிரே வரவில்லை. ஏப்ரலில் பேட்டரியைக் கழற்றாமல் அலமாரியில் போட்டிருக்கிறேன், கோடை முழுக்க அது ஒழுகி, முனையெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. பீக்கன் என்பது நாம் புதைந்தால் எங்கே இருக்கிறோம் என்று கூட வருபவருக்குச் சொல்லும் கருவி, 457 கிலோஹெர்ட்ஸில் விடாமல் துடித்துக்கொண்டிருக்கும். அது இல்லாமல் போவதாக இருந்தால் வீட்டுக்குப் போகலாம். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் பின்கதவைத் திறந்து உபரியாக வைத்திருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "பேட்டரி எட்டணா சமாச்சாரம் தம்பி" என்றார். அப்புறம் அதைப் பற்றி நாள் முழுக்கப் பேசவில்லை, திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது.

2017 அக்டோபர் 7-ஆம் தேதி மொன்டானாவில் இம்ப் பீக் என்ற மலையில் ஸ்கீயோடு ஏறிக்கொண்டிருந்த இருவர்மேல் சரிவு வந்தது. அக்டோபர் 7! பாதிப் பேர் அப்போது இன்னும் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். முழுக்கப் புதைந்தவரின் பீக்கன் பைக்குள் இருந்தது, ஆன் செய்யப்படவில்லை. பெரிய சரிவும் இல்லை, ஓரிரண்டு அடித் தடிமன், சுமார் 150 அடி அகலம். இருவருமே மலையில் தேர்ந்தவர்கள். இன்னும் சீசனே தொடங்கவில்லை என்று மனசு நினைத்துக்கொண்டிருக்கும்போது கருவியும் பையிலேயே தங்கிவிடுகிறது. அலமாரியில் கிடந்த என் பீக்கனும் அந்த ரகம்தான்.

ஏறினோம். மரங்களுக்கு நடுவே, இருபது டிகிரிகூட இருக்காத இடம், மேலே செங்குத்தாக எதுவும் தொங்கவில்லை. ஒரு சின்ன வெட்டவெளியில் அண்ணன் காலை வைத்தார், காலடியில் எங்கள் இருவரையும் சேர்த்து நிலம் ஒரு அங்குலம் இறங்கியது மாதிரி ஒரு அதிர்வு, கூடவே ஒரு சத்தம். இங்கே இதை 'வம்ஃப்' என்கிறார்கள். என் காதில் எப்போதும் 'வம்பு' என்றுதான் விழுகிறது, அர்த்தமும் சரியாகத்தான் இருக்கிறது.

"கேட்டுச்சா தம்பி?"

"கேட்டுச்சுண்ணே."

"எதுக்கும் வெட்டிப் பாத்துருவோம்."

அந்தச் சத்தம் என்னவென்றால், அடியிலிருந்த சீனி அடுக்கு நொறுங்கி, மேலே இருந்த பலகை மொத்தமாக ஒரு சுருக்கு இறங்குகிறது. அந்த நொறுங்கல் நம் காலடியோடு நிற்காது, பக்கவாட்டில் ஓடும். தட்டையான இடத்தில் அது வெறும் சத்தம். அதே நொறுங்கல் ஓடிப்போய் 35 டிகிரிச் சரிவைத் தொட்டுவிட்டால் அங்கே பலகை கழன்றுவிடும், நாம் கீழே சமதளத்தில் நின்றிருந்தாலும் தலைமேல் வந்து விழும். அதனால்தான் "நான் சரிவில் ஏறவே இல்லையே, அடியில்தானே நடந்தேன்" என்பது இந்த மாதத்தில் செல்லாது.

குழி வெட்டினோம். மொத்த ஆழம் 75 சென்டிமீட்டர். மேலே நாற்பத்தைந்து புதுசு, காற்றில் இறுகி மண்வெட்டியால் செங்கல் மாதிரி அறுத்தெடுக்கலாம். நடுவில் மெல்லிய பொருக்கு ஒன்று. அதற்கடியில் தரைவரை அக்டோபர். கையுறையைக் கழற்றி ஒரு பிடி எடுத்தேன், பிடித்தது எதுவும் கையில் நிற்கவில்லை. அப்புறம் 90 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் உள்ளுக்கு ஒரு பனித்தூணைத் தனியாக வெட்டி, ஒரு ஓரத்தில் மண்வெட்டியை வைத்து அதன்மேல் தட்டினோம். மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து என்பது கணக்கு. முழங்கைத் தட்டில் இரண்டாவதிலேயே தூண் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே கோடாக அறுந்து குழிக்குள் நழுவி விழுந்தது. ஓரத்தில் தட்டியது மூன்றடி தள்ளி வரைக்கும் ஓடியதுதான் முக்கியம், எத்தனையாவது தட்டு என்பது இரண்டாம்பட்சம்.

உண்மையைச் சொன்னால் வம்ஃப் கேட்ட பிறகு குழியே தேவையில்லை. மலையே வாயைத் திறந்து சொன்ன பிறகு வைத்தியரிடம் எதற்குக் கேட்க வேண்டும்? ஆனாலும் வெட்டினோம், ஏனென்றால் மரங்களுக்கு அந்தப் பக்கம், நாங்கள் போக நினைத்திருந்த வடகிழக்குப் பள்ளத்தில், இரண்டு பேர் இறங்கிப்போன தடம் அழகாகத் தெரிந்தது. இரண்டு எஸ் எஸ்ஸாக, அவ்வளவு நேர்த்தியாக. ஒன்றும் ஆகவில்லையே, பார்! இதைத் தாண்டுவதுதான் எனக்கு எப்போதும் கஷ்டம். அவர்கள் போய் ஒன்றும் ஆகவில்லை என்றால் அவர்கள் பலகையின் தடித்த பகுதியில் போயிருக்கலாம், மூன்றாவது ஆள் பாறைக்குப் பக்கத்தில் பனி மெலிந்த இடத்தில் காலை வைத்தால் அங்கிருந்துகூட மொத்தமும் கிளம்பலாம். முதல் ஆள் கிளப்புவதும் உண்டு, பத்தாவது ஆள் கிளப்புவதும் உண்டு. இது மூளைக்குத் தெரியும். காலுக்குத் தெரியாது. கால் அந்த எஸ்ஸைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

அண்ணன் ஃபோனை எடுத்துச் சாய்வை அளந்தார். மேல்பகுதி 37 டிகிரி. முப்பதிலிருந்து நாற்பத்தைந்து வரைக்கும்தான் பலகைகள் பெரும்பாலும் கழலும், நாற்பதை ஒட்டித்தான் அதிகம், அதாவது சறுக்குவதற்கு மிக ருசியான சாய்வும் அதுவேதான். அவர் ஃபோனைச் சட்டைக்குள் போடும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"அங்க பாருங்க, அடியில முழுக்கக் கல்லு" என்று மட்டும் சொன்னார்.

அதுதான் நவம்பரின் அடுத்த விஷயம். ஜனவரியில் ஒரு சின்னச் சரிவு உங்களை ஐம்பது அடி இழுத்துக்கொண்டு போய் மெத்தென்ற பனியில் விடலாம், எழுந்து உதறிக்கொண்டு வந்து கதை சொல்லலாம். நவம்பரில் அதே ஐம்பது அடி என்பது வெட்டுமரக் கட்டைமேல், பாறைமேல், சாய்ந்து கிடக்கும் மரத்தின்மேல். புதைந்து மூச்சு முட்டுவதற்கு முன்பே அடிபட்டு முடிந்துவிடும். ஜேமி பியர் என்று ஒரு ஸ்கீ வீரர், 2006-இல் 255 அடி உயரப் பாறையிலிருந்து குதித்து உலக சாதனை செய்தவர். 2011 நவம்பர் 13 அன்று யூட்டாவின் ஸ்னோபேர்டில், ரிசார்ட் அந்த சீசனுக்கு இன்னும் திறக்காத சமயத்தில், ஸ்னோபோர்டில் இறங்கும்போது சரிவு அவரைப் பாறைகள் வழியே இழுத்துப் போனது. முழுக்கப் புதையக்கூட இல்லை, அடிபட்டே இறந்தார். அங்கேயும் அடியில் அக்டோபர்ப் பனி, மேலே புதுப் புயல்.

திறக்காத ரிசார்ட் என்பதையும் நம் புதியவர்கள் கவனிக்க வேண்டும். போன வருடம் பிப்ரவரியில் நீங்கள் ஜாலியாக இறங்கிய அதே சரிவு, அப்போது காலையில் ஆட்கள் வெடி வைத்துத் தட்டிவிட்டு, நாள் முழுக்க ஆயிரம் பேர் மிதித்து இறுக்கிய சரிவு. லிஃப்ட் ஓடாத நவம்பரில் அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். பெயர்ப்பலகை, கயிறு, கம்பம் எல்லாம் பழகிய இடம் மாதிரியே இருக்கும். பழகிய இடம் என்பதால்தான் சந்தேகமே வராது.

ஏன் இவ்வளவு பயம் என்றால், சீசன் தொடக்கத்தில் உருவான இந்த அடுக்கு நவம்பரோடு போய்விடுவதும் இல்லை. 2020-21 அப்படி ஒரு வருடம். சீசனின் முதல் பனி மெலிதாக விழுந்து, நீண்ட வறட்சியில் சீனியாகி, அதன்மேல் டிசம்பரிலிருந்து கனம் ஏறிக்கொண்டே போனது. அந்தக் குளிர்காலத்தில் கொலராடோவில் மட்டும் 12 பேர் இறந்தார்கள், அமெரிக்கா முழுக்க 37. அதற்குப் பல வருடம் முன்பு, 2013 ஏப்ரல் 20 அன்று, லவ்லேண்ட் பாஸ் அருகே ஷீப் க்ரீக்கில் ஒரே சரிவில் ஐந்து பேர் போனார்கள். ஏப்ரலில்! அதுவும் ஆழத்தில் தங்கிவிட்ட பழைய பலவீனமான அடுக்கில் உடைந்ததுதான். மாநிலப் பனிச்சரிவுத் தகவல் மையத்தின் முன்னறிவிப்பைத் தினமும் காலையில் பாருங்கள், ஐந்து படியில் ஆபத்தைச் சொல்வார்கள், எந்தத் திசை எந்த உயரம் என்று சக்கரம் போட்டுக் காட்டுவார்கள். மூன்றாம் படியைப் பார்த்து "நடுவில்தானே" என்று நினைக்காதீர்கள். நான்கு, ஐந்து என்றால் எவனும் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டான், மூன்றில்தான் போய் மாட்டிக்கொள்கிறார்கள்.

அப்போ நவம்பரில் என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். முப்பது டிகிரிக்குக் கீழே, மேலே எதுவும் தொங்காத இடம், அடியில் புல் உள்ள பழைய ரிசார்ட் பாதைகள், மலைச்சாலைகள். கல் இடிக்கும், ஸ்கீ கிழியும், அதற்குத்தான் பழைய ஜோடி. இல்லையென்றால் லவ்லேண்டிலோ அரபஹோ பேசினிலோ செயற்கைப் பனியில் ஒற்றைப் பாதையைத் திறந்து வைத்திருப்பார்கள், டென்வர் மொத்தமும் அதில்தான் இறங்கும், இங்கே அதற்கு 'வெள்ளைச் சாவு ரிப்பன்' என்று கேலிப் பெயர். பின்னாலிருந்து யாராவது வந்து இடிப்பார்கள். எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது, ஆனாலும் அடுத்த வாரம் போகலாம் என்றிருக்கிறேன், தொடை பழக வேண்டுமே.

நாங்கள் பழைய ரிசார்ட் பாதைக்கே திரும்பி வந்து அந்த இருநூறு அடியை இறங்கினோம். வழக்கம் போல ஒருவர் இறங்க ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம், அந்தச் சாய்வில் அதற்குக்கூட அவசியமில்லை என்றாலும். கல் இடித்தது. கீழே பிளாஸ்கில் சுக்குக் காபி. வீட்டுக்கு வந்து குழியின் படத்தையும் வம்ஃப் கேட்ட இடத்தையும் மையத்துக்கு அனுப்பினேன், ஐந்து நிமிட வேலை, சாதாரண ஆட்கள் அனுப்புவதையும் அவர்கள் படிக்கிறார்கள்.

இன்னொன்று, இதைப் புதியவர்கள் அடுத்த அக்டோபருக்கு ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். மூன்று வாரம் முன்பு நல்ல வெயில் நாளில் அண்ணன் வற்புறுத்தி என்னை அதே கணவாய்க்குக் கூட்டிப்போனார், ஸ்கீ இல்லாமல், வெறும் ஷூவோடு. எதற்கு என்று எனக்குச் சலிப்பாக இருந்தது. அவர் எதிர்மலைச் சரிவுகளை ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார், எங்கே வெள்ளை தங்கியிருக்கிறது, எங்கே புல் தெரிகிறது என்று. நானும் நாலு எடுத்தேன். இப்போது எல்லாம் ஒரே வெள்ளை, பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியாது. நேற்று ராத்திரி அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாங்கள் போக நினைத்த பள்ளம், தடம் தெரிந்த அதே பள்ளம், பழுப்பு மலையில் ஒரு வெள்ளைக் கீற்றாகத் தனியாகத் தெரிகிறது. படத்தைக் குழுவில் போட்டிருக்கிறேன். யாரும் அழிக்காதீர்கள், ஏப்ரல் வரைக்கும் வேண்டும்.